சுன்னாகத்துக் கராச் மொழி

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் இலக்கண உரையாசிரியர்கள் காட்டிவந்த பழைய உதாரணங்கள். ஒரு தொழில் செய்யும் கூட்டத்தார் தமக்குள் மாத்திரம் பொருள் விளங்க வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று வகுத்தனர். நன்னூலார் அதனைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தார். யானைக் கொட்டிலிலும் கொல்லர் உலைக்களத்திலும் பிறந்த இவ்வழக்கு, இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் திருத்தும் கராச்சினுள்ளும் புகுந்து, அங்கே நன்றாக வேரூன்றிக்கொண்டது. பழைய கார் ஒன்றை விலைபேசச் செல்பவர் எவராயினும் இவ்வுண்மையை விரைவில் உணர்வார். அவர் காதில் விழும் சொல்லெல்லாம் தெரிந்த சொல்லாகவே இருக்கும். பொருள் மட்டும் வேறாயிருக்கும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சென்றால் வருவது சுன்னாகம். வலிகாமத்துத் தோட்டங்களின் வெங்காயமும் காய்கறியும் வாழைக்குலையும் வந்து கூடும் பெருஞ்சந்தை அங்கே உண்டு. சந்தை உள்ள இடத்திலே வண்டி உண்டு. வண்டி உள்ள இடத்திலே அதைத் திருத்துபவனும் உண்டு. இவ்வூரின் பெயர் தமிழறிந்தோர்க்கு வேறொரு வகையிலும் பழக்கமானது. 'இலக்கியச் சொல்லகராதி' தொகுத்த அ. குமாரசுவாமிப் புலவர் பிறந்த ஊர் இது. புலவர் 1922இல் மறைந்தார். அவர் காலத்திலே மோட்டார் வண்டி யாழ்ப்பாண வீதிகளில் ஒரு புதினம். ஆகவே அவரது ஊரிலேயே பின்னர் விளைந்த இந்தச் சொற்களை அவர் தொகுத்திலர் என்று குறைகூறுவதற்கில்லை. அவருக்குப் பின் வந்தோரைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

இச்சொற்களுள் மிகப் பழையவை மாட்டு வண்டிலிலிருந்து இறங்கி வந்தவை. தமிழ்நாட்டுப் பட்டறையிலே ஓர் உறுப்பை 'மாட்டுவார்கள்', யாழ்ப்பாணத்திலே 'பூட்டுவார்கள்'. ஏர் பூட்டுதல், வண்டில் பூட்டுதல் என்று காளையின் கழுத்தோடு கிடந்த வினை, கார்பரேற்றருக்கும் கியர்பெட்டிக்கும் பொதுவாகிவிட்டது. 'கழற்றிப் பூட்டியது' என்று ஒரு காரைப் பற்றிச் சொன்னால், அதன் இஞ்சின் ஆணி ஆணியாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது என்பது கருத்து. சக்கரத்துக்குச் 'சில்லு' என்பதே இங்கு வழக்கு. தகடுகளை அடுக்கிக் கட்டிய பின் சுருள் 'வில்லு' எனப்படும். வில்லு வண்டிலில் ஏறிப் பழகியவர்களுக்கு அதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை. அச்சு என்ற சொல் அப்படியே நிலைத்தது. காரைக் கண்ட முதல் தலைமுறையினர் புதிய பொருளுக்குப் புதிய சொல் தேடி அலையவில்லை. கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இதைக் கவனித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வண்டிலில் இல்லாத உறுப்புக்கள் ஆங்கிலப் பெயரோடு வந்தன. அவற்றுள் சில இங்கிலாந்திலேயே வழக்கொழிந்த பின்னும் இங்கே உயிரோடிருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. பொதி வைக்கும் பின்பெட்டியை இலங்கையரும் இந்தியரும் 'டிக்கி' என்கின்றனர். பழைய இருவர் காரின் பின்புறத்திலே திறந்து மடிக்கத்தக்கதாய் ஓர் ஆசனம் இருக்கும். அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே அது. ஆசனம் மறைந்தது, கார் மூடிய காராயிற்று, இங்கிலாந்திலே அவ்விடத்துக்கு வேறு பெயர் நிலைத்தது. நம்மவரோ ஆசனத்தின் பெயரைப் பெட்டிக்குச் சூட்டி வைத்துக்கொண்டனர். 'ஹூட்' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. அமெரிக்கர் அதனால் இஞ்சின் மூடியைக் குறிப்பர். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றும் நமக்கு அது மடிக்கும் கன்வசுக் கூரை. இஞ்சின் மூடி நமக்குப் 'பொனற்'. அமெரிக்கச் சஞ்சிகை பார்த்து உறுப்புக் கேட்டுச் செல்பவர் கன்வசுக்கும் தகரத்துக்கும் இடையிலே தடுமாற நேரும்.

'லான்ட்மாஸ்ரர்' என்ற பெயர் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. இந்தியாவில் 1954 முதல் வெளிவந்த ஹிந்துஸ்தான் லான்ட்மாஸ்ரர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்ற பிரித்தானியக் காரை ஒட்டியது. அம்பாசடருக்கு அதுவே மூத்த சகோதரம். யாழ்ப்பாணத் தோட்டக்காரரிடம் அப்பெயரைச் சொன்னால், இரண்டு சில்லும் நீண்ட கைபிடியும் உள்ள உழவு இயந்திரத்தையே காட்டுவார். எந்தக் கொம்பனி செய்ததாயினும் அவ்வகை இயந்திரம் எல்லாம் லான்ட்மாஸ்ரர்தான்.

கார்களின் பெயர்களை நோக்கினால், இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த ஒரு பத்தாண்டு காலம் யாழ்ப்பாணத்திலே உறைந்து நின்றதோ என்று தோன்றும். ஒஸ்ரின் ஏ40 என்பது 1947இல் வெளிவந்தது. 1952 வரை வந்த உருவத்துக்கு டெவன் என்றும், அதன்பின் 1954 வரை வந்த உருண்டை உருவத்துக்குச் சமர்செற் என்றும் ஆங்கில நாட்டுப் பிரிவுகளின் பெயர் இடப்பட்டது. பேச்சிலே அது 'ஏ போட்டி'. சிறியது ஏ30; 1956இல் அதன் இடத்துக்கு வந்தது ஏ35. இவற்றோடு கேம்பிரிச்சும் மொறிஸ் மைனரும். மைனர் 1948இல் இலண்டன் காட்சியில் வைக்கப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்தது. தயாரிப்புக்குச் சிறிது முன்பு, கார் ஒடுங்கிக் காண்கிறது என்று அவருக்குப் பட்டமையால், மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவே நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்துத் திருப்தியுற்றார். பொனற்றின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த அறுவையின் தழும்பு. தமிழிலே மைனர் என்றால் சொத்தையும் சட்டையையும் ஒருங்கே மினுக்கும் இளைஞன் என்று பொருள். இந்த அடக்கமான காருக்கு அப்பெயர் பொருந்தாதாயினும், திருமண வீட்டு வாசலில் பூமாலையோடு நிற்கும்போது ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது.

இக்கார்கள் தங்கியதற்கு அன்பு மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி முடை ஏற்பட, இலங்கையிற் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின் கதவு திறந்தபோது யப்பானிலிருந்து ஓடிய கார்கள் வந்திறங்கின. அவற்றைக் குறிக்க எழுந்த 'ரீகண்டிசன்' என்ற சொல், கேட்பவரை மயக்குவதிலே முதலிடம் பெறத்தக்கது. ஆங்கிலத்தில் அது 'மீளச் செம்மையாக்கப்பட்டது' என்று பொருள்படும். இலங்கைப் பேச்சிலே, பிற நாட்டில் ஓடி இந்நாட்டில் முதன்முறை பதியப்படும் கார் என்பதே அதன் பொருள். எவரும் அதைத் திருத்தினார் என்பது அதனால் பெறப்படாது. சுன்னாகத்திலே ஆறு மாதம் தட்டி, ஒட்டி, பூட்டி எடுத்த சமர்செற் ரீகண்டிசன் ஆகாது. கப்பலில் இருந்து இறங்கியபடியே நிற்பது ரீகண்டிசன் ஆகும்.

பெயர்களைப் போலவே இலக்கத் தகடும் ஒரு மொழி பேசும். 1957க்கு முன் பதிந்த கார்களுக்கு ஆங்கில எழுத்து. அதன்பின் சிங்கள 'ஸ்ரீ'. அவ்வெழுத்தை ஏற்க மறுத்து, 1957, 1958ஆம் ஆண்டுகளில் தமிழர் தம் வாகனங்களிலே தமிழ் 'ஸ்ரீ'யை எழுதி ஓட்டினர். ஒரு காரின் நெற்றியில் எழுதும் ஓரெழுத்துக்காக மக்கள் மறியல் சென்ற காலம் அது. பழைய கார்த் தகட்டைப் புதிதாக எழுதுவிப்போர் அந்த எழுத்தின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று.

இனிப் பட்டறைக்குள் செல்லலாம். தகர வேலை செய்பவர் 'டிங்கர்'. மோதி நெளிந்த தகட்டை அவர் உள்ளிருந்து மரச்சுத்தியலால் எடுத்து நேராக்குவார். நேராகாத குழியை முற்காலத்தில் 'ஈயம்' இட்டு நிரப்பினர். ஈயமும் வெள்ளீயமும் கலந்த கட்டி, உருகுமுன் களிபோல் இளகும் ஒரு நிலையில், மரக்கரண்டியால் தடவி மட்டமாக்கப்படும். பின்னர் எளிய வழியாகப் 'பட்டி' வந்தது. பட்டியைக் கனமாக அப்பி நிறம் பூசினால் ஓராண்டுக்குக் கண்ணுக்கு அழகு, பிறகு வெடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் பட்டி தெரிந்துவிடும் என்று பலர் நம்புவர். ஈயத்திலும் காந்தம் ஒட்டாது; ஆகையால் நேர்மையான பழைய வேலையையும் ஏமாற்று வேலையையும் காந்தம் ஒரே தட்டில் நிறுத்திவிடும். அனுபவசாலி காந்தத்தை விட்டு விரல் மொழியால் தட்டிப் பார்ப்பார்.

துருவைப் பற்றிய பேச்சிலே 'செசி' என்ற சொல் முக்கியமானது. ஏ40க்கு அடியிலே தனியான இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல் உடல் அமர்ந்திருக்கும். ஏ30க்கும் மைனருக்கும் அத்தகைய முழுச் சட்டம் இல்லை, உடலே சட்டம். கடற்காற்று எட்டாத மூலை யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. ஏ40இன் தளத்தகடு துருவேறினால் தகட்டை மாற்றலாம்; மைனரின் தளம் துருவேறினால் முதுகெலும்பே போயிற்று. ஆகவே 'அடி நல்லது' என்ற ஒரே வாக்கியம் இரண்டு காருக்கும் இரண்டு பொருள் தரும்.

இஞ்சினைப் பொறுத்தவரை எண்களே சொற்கள். சிலிண்டர் தேய்ந்து நீள்வட்டமானால் கடைந்து அகட்டிப் பெரிய பிஸ்ரன் போடுவர். அகட்டும் அளவு அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் 20, 40 என்று போகும். 'இருபது போட்டது' என்றால் ஒருமுறை கடைந்தாயிற்று, இன்னும் இடமுண்டு. 'நாற்பது போட்டது' என்றால் சுவர் மெலிகிறது. 'சிலீவ் அடித்தது' என்றால் கடைசல் எல்லை கடந்து, உள்ளே புதுக் குழாய் இறக்கிப் பழைய அளவுக்கு மீண்டாயிற்று. விற்பவர் இதையெல்லாம் 'இஞ்சின் செய்தது' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். வாங்குபவர் கேட்கவேண்டியது எத்தனை என்பது.

'றொட் அடிக்குது' என்பது எவரும் கேட்க விரும்பாத வாக்கியம். பிஸ்ரனையும் சுழல் தண்டையும் இணைக்கும் தண்டின் தாங்கி தேய்ந்து, இஞ்சின் அடியிலிருந்து கனத்த தட்டல் எழும் நிலை அது. அப்படியே ஓட்டினால் தண்டு இஞ்சின் சுவரை உடைத்து வெளியே வரவும் கூடும். அதே 'றொட்' அமெரிக்காவிலே பெருமைச் சொல்லாயிருக்கிறது. கலிபோர்ணியாவின் வற்றிய ஏரிப் படுகைகளில், 1930களில் இளைஞர் பழைய போட் கார்களின் மட்காட்டையும் கண்ணாடியையும் கழற்றி எறிந்து, இஞ்சினை முறுக்கேற்றி, வேகப் போட்டி நடத்தினர். 1937இல் அவர்களுக்கென ஒரு சங்கம் எழுந்தது. 1948 சனவரியில் 'ஹொட் றொட்' என்ற பெயரிலேயே ஒரு சஞ்சிகை தோன்றியது. அப்பெயரில் உள்ள றொட், திறந்த காரைக் குறிக்கும் றோட்ஸ்ரர் என்பதன் சிதைவா, இஞ்சின் தண்டா என்று அவர்களுக்குள்ளேயே வழக்குண்டு. 1932ஆம் ஆண்டுப் போட் காருக்கு ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கொண்டு சீட்டாட்டத்து 'இரண்டு' என்று செல்லப்பெயர் இட்டனர். கூரையை அறுத்துத் தாழ்த்துவதற்கு ஒரு சொல், உடலைச் சட்டத்துள் இறக்குவதற்கு ஒரு சொல் என்று அவர்கள் அகராதி விரிந்தது.

அமெரிக்க இளைஞன் வேகத்துக்காக அறுத்தான். யாழ்ப்பாணத்தான் சுமைக்காக அறுத்தான். செவர்லே, போட் முதலிய அடிச்சட்டங்களின்மேல் உள்ளூர்த் தச்சர் மரக்கூடு கட்டி எழுப்பிய 'தட்டிவான்' அதற்குச் சான்று. பின்புறத்திலே சங்கிலி பிடித்துக் கிடையாக நிற்கும் பலகையே தட்டி. பெண்கள் உள்ளே இருக்க, ஆண்கள் தட்டியில் நிற்க, கடகமும் வாழைக்குலையும் கூரைமேல் ஏற, கொடிகாமத்திலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் சந்தைகளுக்கு அவை ஓடின. 1958 சனவரியில் பேருந்துச் சேவை அரசுடைமையான பின்னும் தட்டிவான் வழக்கொழியவில்லை. அச்சு அமெரிக்கா, கூடு யாழ்ப்பாணம், பெயர் தமிழ். இதற்கு ஈடான ஒரு சொல்லைக் கலிபோர்ணியாவும் ஆக்கவில்லை.

ஆயினும் இந்தக் கராச் மொழி உச்சநிலை எய்தியது 1990க்குப் பின்னர்தான். அவ்வாண்டு யூனில் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையினால் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது நின்றது. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவாக. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் அதைக்கொண்டே காரை ஓட்டியாக வேண்டும்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது, அதனால் பற்றாது. ஆகவே சிறு போத்தலில் காப்பாற்றி வைத்த பெற்றோலைக் கொஞ்சம் கொடுத்து இஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நிறுத்துமுன் மீண்டும் ஒருகணம் பெற்றோல் குடிக்கவிட்டால் அடுத்த நாள் எழுப்புவது எளிது. இது முற்றிலும் புதிய வித்தையன்று. இங்கிலாந்தில் பெர்குசன் போன்ற உழவு இயந்திரங்கள் பெற்றோலில் எழுந்து மலிவான ஆவி எண்ணெயில் உழும்படியே செய்யப்பட்டிருந்தன. வயலுக்கென்று வகுத்ததை வீதிக்குக் கொண்டுவந்ததே இங்குள்ள சாதனை. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் 'தட்டும்'. அமுக்கம் குறைந்த பழைய பிரித்தானிய இஞ்சின் அதைப் பொறுத்தது. அமுக்கம் மிகுந்த புதிய யப்பானிய இஞ்சினுக்கு அப்பொறுமை இல்லை. கேலிக்கு ஆளாகியிருந்த ஏ போட்டி இவ்வாறு ஒருநாளில் ஊரின் பல்லக்காயிற்று. தட்டலைக் குறைக்க 'டைமிங் பின்னுக்கு வைத்தல்', அமுக்கத்தைக் குறைக்க 'இரட்டைக் கஸ்கற்' என்று, வேறிடத்தில் தவறெனக் கருதப்படும் செயல்கள் இங்கே முறையான வைத்தியமாயின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து அடியிலுள்ள ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். கூடிய ஒயில் கெட்ட ஒயில் என்று அறியாதவரின் காரிலேதான் றொட் அடித்தது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது சுன்னாகமும் வெறுமையாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் திரும்பத் தொடங்கியோர், விட்டுச்சென்ற கார்களைச் சில்லின்றியும் இஞ்சினின்றியும் கண்டனர், சிலர் காணவேயில்லை. ஒன்றின் பொனற்றை மற்றொன்றில், மற்றொன்றின் கதவை வேறொன்றில் பூட்டி ஓட்டிய காலம் அது.

2002 ஏப்பிரலில் ஏ9 வீதி மக்களுக்குத் திறந்தது. பெற்றோல் வந்தது, உறுப்புக்கள் வந்தன, கூடவே பழைய கார் தேடுவோரும் வந்தனர். அவர்கள் கொண்டுவந்த சொல் 'ஒரிஜினல்'. உலகெங்கும் பழைய கார் பேணுவோர்க்கு அது தாரக மந்திரம். சட்ட இலக்கமும் இஞ்சின் இலக்கமும் தொழிற்சாலையில் இணைந்தபடி இருத்தல் வேண்டும் என்பர். இங்கிலாந்தின் பாத் நகரிலே 1976 முதல் மைனருக்கென்றே ஒரு நிலையம் இயங்கியது. பின்னாளில் அதற்கு வேண்டிய உடற்தகடுகளைத் தென்னிலங்கைப் பட்டறை அடித்துக் கொடுத்ததும் உண்டு. அந்தத் தகட்டைப் பூட்டிய ஆங்கிலேயரின் மைனர் ஒரிஜினல் ஆகுமா என்பது நயமான வினா. சுன்னாகத்து மெக்கானிக்கின் வாயிலே அச்சொல் வேறு பொருளில் வழங்கியது. அவருக்கு ஒரிஜினல் என்பது ஓர் உறுப்பின் குணம். 'கொம்பனிச் சாமான்' என்பதற்கு மறுபெயர். வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய பிரித்தானிய டைனமோ அவருக்கு ஒரிஜினலே. வாங்க வந்தவருக்கு ஒரிஜினல் என்பது முழுக்காரின் பிறப்புரிமை. விற்பவர் பொய் சொல்லாமலே வாங்குபவர் ஏமாற இதைவிட நல்ல வழி இல்லை. பேரம் முடியுமுன் 'எது ஒரிஜினல்?' என்று ஒவ்வோர் உறுப்பாகக் கேட்பவர் பிழைத்துக்கொள்வார்.

புதுப்பிப்போர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் கோலத்துக்கே காரை மீட்பது என்று ஒருவர் விரதம் பூண்டால், இரட்டைக் கஸ்கற்றைக் கழற்ற வேண்டும். டைமிங்கை முன்னுக்கு வைக்க வேண்டும். வேறு காரின் கதவை மாற்ற வேண்டும். 1952ஆம் ஆண்டு மீண்டு வரும். 1990 முதல் 2002 வரை அக்கார் ஓடிய ஓட்டம் அழிந்துபோம். கழற்றிய உறுப்போடு அதன் பெயரும் குப்பைக்குப் போகும். பெற்றோல் போத்தலைத் தாங்க இஞ்சின் அறையின் பின்தகட்டிலே துளைத்த இரண்டு துளைகள் பல கார்களில் வண்ணத்தின் அடியே இன்னும் இருக்கக்கூடும். நிறம் சுரண்டும் டிங்கர் அவற்றைக் காணும்போது, ஈயம் வைத்து அடைப்பதா, விட்டுவிடுவதா என்று உரிமையாளரைக் கேட்டாக வேண்டும்.